குளத்தில் தாட்ட குழை

பத்மாவதிக்கு ஊரில் ஒரு எதிரியும் இல்லை. அவள்மேல் உயிரையே வைத்திருந்த புருஷன் அருளம்பலம் ஒருவரே போதும்.

கடல்நீர் ஏறி இறங்கும் கடனீரேரிப் பக்கம் உவர் ஏறிக் கிடந்த துண்டுக் காணியை நாற்பத்தாறு வயதில் குளமாகத் தோண்டுவித்து, பால்மீன் குஞ்சு விட்டவள் அவள். புகையிலைத் தோட்டக்காரருக்கு மீன் எதுக்கு என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டாள். ஏழு மாதமாய், விடிந்ததும் கம்பால் அடிச்சேற்றைக் கிளறி, நாற்றம் வருகிறதா என்று மணந்து பார்ப்பதுதான் அவளுடைய முதல் வேலை. மீன் தின்னாமல் விட்ட தீனும் மீனின் கழிவும் அடியில் கிடந்து உக்கும். உக்கவைக்கிற கிருமிகளுக்கும் மூச்சு வேண்டும். தண்ணீரில் உள்ள காற்றை அவை இழுத்துக்கொண்டால் மீனுக்கு மிஞ்சாது. இதை எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! மண்ணுக்குள் பசுங்குழை புதைத்தே புகையிலை வளர்த்த மனிதர், இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டார்.

மீன் பிடிக்கப் பத்து நாள் இருக்கையில், கொக்குவிலில் தங்கச்சியின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு. ஐந்து நாள் நின்றுவிட்டுக் காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள் குளத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கரையோரம் செத்து மிதந்தவை வேறு.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"மீன் கொழுக்கட்டும் எண்டு குழை தாட்டனான். லாண்ட்மாஸ்டர் மெசினிலை ரெண்டு லோட் பூவரசங்குழை, கல்லுக் கட்டி இறக்கினது. புகையிலைக்குப் போடுறமெல்லே?" அருளம்பலத்தின் முகத்தில் பெருமை. "முந்தநாள் தொடக்கம் மீன் வாயைத் திறந்துகொண்டு நிக்குது. பசியாக்கும் எண்டு தீனும் ரெண்டு மடங்கு போட்டனான்."

"அது பசியில்லை, மூச்சு முட்டுது! உங்களை ஆர் கேட்டது?"

சடங்குக்குக் கட்டிய சேலையோடு இறங்கினாள். இழுத்த குழையெல்லாம் கறுத்துக் கொழகொழத்து, கூழ்முட்டையாய் நாறியது. மதகைத் திறந்தாள்; கடனீரேரி வற்றிக் கிடந்ததில் தண்ணீர் ஏறவில்லை. தண்ணீரில் காற்றுக் கலக்கட்டும் என்று வாளியால் அள்ளி அள்ளி அடித்தாள். கை ஓய்ந்தபோது, எண்ணூறு மீனில் நூறு மிஞ்சியிருந்தால் பெரிய காரியம். அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. திட்டினால் கேட்டுக்கொள்கிற மனிதராய் இருந்தாலாவது திட்டலாம்.

செத்ததைக் குளத்தில் விட்டால் அதுவும் உக்கி, மிச்சத்தையும் கொல்லும். இரண்டு பேருமாய் வண்டிலில் அள்ளி, வெங்காயத் தோட்டத்தில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். அருளம்பலம் கடைசி மண்ணையும் தள்ளிவிட்டு, அவளைத் தேற்றத்தான் சொன்னார்:

"இந்தமுறை வெங்காயம் திறமாய் வரும், பத்மா."

பத்மாவதி மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள்.