செவ்வாய்க்கிழமை நிற்கும் படகு

டீசல் என்ஜினுக்கு வியாதி இரண்டே இரண்டுதான். டீசல் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. காற்று போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும். மற்ற வியாதியெல்லாம் என்ஜினைச் சுற்றி நிற்பவர்களுக்கு வருவது. வாயால் டீசலை உறிஞ்சிவிட்டு அப்புறம் சோற்றிலும் காப்பியிலும் அதே வாசனையை அனுபவித்த சக மெக்கானிக்குகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் பட்டறை மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறது. ஜீப், டிராக்டர் என்று மானமாகப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கீழே அணைத் தண்ணீரில் ஒரு பழைய மரப்படகு, அக்கரை எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும். அதன் வயிற்றுக்குள் ஒரு கிழட்டு டீசல் என்ஜின். அதைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று யாரோ புண்ணியவான் புரளி கிளப்பிவிட்டான். அன்றைக்குப் பிடித்தது சனி.

ஏலத்தோட்டத்து வைத்தியம்

படகோட்டி சூசை நல்ல மனுஷன். படகு பாதி வழியில் நின்றுவிடுகிறது என்று முதல் தடவை கூப்பிட்டபோது, நான் வரப்போகிறேன் என்று என்ஜின் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தான். சுவரில் ஒரு துண்டு மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. டாங்கிலிருந்து வரும் டீசல் லைனைப் பார்த்தேன். பச்சை நிறத்தில் ஒரு குழாய், டீசலில் ஊறி இட்லி மாவு மாதிரி கொழகொழவென்று இருந்தது. விரலால் அழுத்தினால் விரல் பதிந்தது.

அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஓஸ் போட்டேன். பில்டரை மாற்றினேன். லைனில் இருந்த காற்றையெல்லாம் எடுத்தேன். டாங்க் மூடியில் ரப்பர் வாஷர் இற்றுப்போயிருந்தது. பாவம் என்று அதையும் புதிதாகப் போட்டு, மூடியைக் காற்றுப் புகாமல் இறுக்கிக் கொடுத்தேன். டாங்குக்குள் காற்றுப் போவதற்கென்று தனியாக ஒரு மூச்சுக்குழாய் என்ஜின் அறைச் சுவரோரமாக மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வளைந்த மூக்கு எப்போதோ உடைந்து, மொட்டையாக மேலே பார்த்து நின்றது. ஊதிப் பார்த்தேன், அடைப்பில்லை. "அந்தப் பச்சைக் குழாய் ஏதுப்பா?" என்று கேட்டதற்குச் சூசை மனம் நொந்து சொன்னான்:

"ஏலச்செடிக்கு மருந்தடிக்கிற ஓஸ்ண்ணே. ஒரு ஏலச்செடிகூட இதுவரைக்கும் பாதி வழில நின்னதில்லையே!"

வாத்தியார் கணித்த ஜாதகம்

அடுத்த செவ்வாய்க்கிழமை படகு நடுத்தண்ணீரில் நின்றது. துடுப்புப் போட்டுக் கரை சேர்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார்கள். ஓடினேன். நான் போய் ஏறியதும் என்ஜின் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று கிளம்பியது. அக்கரை போய் இக்கரை வந்தோம், ஒரு தும்மல் இல்லை. அதற்கடுத்த செவ்வாயும் இதே கதை. மற்ற நாளில் படகுக்கு ஒரு குறையும் கிடையாது.

தினமும் படகில் போகிற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் உண்டு, பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். நான் தலைகீழாகத் தொங்கி கிளிப்பை முறுக்கிக்கொண்டிருந்தபோது மேலிருந்து எட்டிப் பார்த்தார். தவறாமல் செவ்வாயன்று நிற்கிறது என்று சூசை சொன்னதைக் கேட்டு விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். பிறகு ரொம்பக் கரிசனமாகச் சொன்னார்:

"செவ்வாய் தோஷம்னா, வேறென்ன? இதே தோஷம் உள்ள இன்னொரு படகாப் பார்த்துப் பக்கத்துல கட்டிப் போடுங்கோ, சரியாப் போயிடும்."

பாய் கடையில்

எனக்கு வெறி பிடித்துவிட்டது. ஓஸை மறுபடி மாற்றினேன். காப்பர் வாஷரெல்லாம் மாற்றினேன். டீசலை இழுத்துக் கொடுக்கும் பம்பைக் கழற்றி, உடுமலை வழியாக இரண்டு பஸ் மாறி, பாலக்காட்டில் எனக்குப் பழக்கமான பாய் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். பாய் பம்பை அடித்துப் பார்த்தார், உதறிப் பார்த்தார், காதில் வைத்தும் பார்த்தார். பழுதே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். வந்ததற்கு இருக்கட்டும் என்று இன்னும் ஒரு சுருள் ஓஸ் கேட்டேன். அவர் எடுக்கவே இல்லை.

"ஏனுங்க மெக்கானிக், இதுவரைக்கும் வாங்கின ஓஸை வரிசையா நீட்டியிருந்தா, சனம் அதைப் பிடிச்சே அக்கரை போயிருக்குமுங்களே!"

வீட்டில் கிடைத்த தீர்ப்பு

செவ்வாய்க்கிழமை காலையில் போன் மணி அடித்தாலே நான் எடுக்காமல் ஸ்பானர் பையைத் தோளில் மாட்ட ஆரம்பித்தேன். எஸ்டேட்டில் எதிரே வருகிறவர்கள் "இன்னிக்கு என்ன கிழமைண்ணே?" என்று ஒன்றும் தெரியாதவர்கள் போல விசாரித்துவிட்டுப் போனார்கள். ஜீப்காரர்கள்கூட என் பட்டறைப் பக்கம் வரத் தயங்கினார்கள். பெயர் கெட்டால் மெக்கானிக்குக்கு மிஞ்சுவது ஸ்பானர் மட்டும்தானே!

என் மனைவிக்கு என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நான் புலம்பியதை முழுக்கக் கேட்டாள். நான் ஏறினால் ஓடுகிறது, இறங்கினால் நிற்கிறது என்று முடித்தேன். மீன் குழம்பை ஊற்றியபடியே தீர்ப்புச் சொன்னாள்:

"பேசாம உங்களையே அந்தப் படகுல கட்டிப் போடச் சொல்லுங்க. வீட்டுலயும் டீசல் நாத்தம் குறையும்."

செயலாளர் சொன்ன கெடு

சிரிப்பெல்லாம் ஒரு நாள் நின்றது. படகு, தொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தம். அதன் செயலாளர் மலையாளி, கறார் பேர்வழி. இன்னொரு தடவை நின்றால் படகை உடைத்து ஆக்ரிக் கடையில் பழைய சாமான் விலைக்குப் போட்டுவிட்டு, ஓட்டுகிற ஆளோடு சேர்த்து வெளியிலிருந்து புதுப்படகு கொண்டுவரப்போவதாகச் சொல்லிவிட்டார்.

சூசைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். படித்துறைப் படியில் குந்தி, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மனசே கேட்கவில்லை. வருகிற அந்தோணியார் திருவிழாவுக்கு, சுரூபம் என்கிற அவருடைய சிலையைப் படகில் வைத்து, அக்கரையில் கெபி என்கிற சிறு கல் குகைக்குக் கொண்டுபோவது வழக்கம். இந்த வருஷம் திருவிழா செவ்வாய்க்கிழமை வந்து விழுந்திருந்தது. சூசை கத்தோலிக்கன்; நான் சி.எஸ்.ஐ. சபைக்காரன், சுரூபம், பவனி எதற்கும் போவதில்லை. இருந்தாலும் அன்று கூடவே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். செயலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஞானும் கேறும். நின்னால், அந்தோணியார் இறங்கின உடனே படகும் ஆக்ரிக் கடைக்கு இறங்கும், கேட்டோ?"

அந்தோணியார் ஏறிய அன்று

சுரூபம் ஏறியது. ஃபாதர், செயலாளர், வாத்தியார், பேண்டு செட் எல்லோரும் ஏறினார்கள். அவர்கள் ஜெபம் பண்ணுகிற இடத்தில் நான் எதற்கு என்று மரியாதையாக முன்பக்கம் போய் நின்றுகொண்டேன். நடுத்தண்ணீர் வந்தது. என்ஜின் இரண்டு முறை இருமியது, பிறகு அடங்கிவிட்டது. பேண்டுக்காரர்கள் மட்டும் விஷயம் தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

விழுந்தடித்து என்ஜின் அறைக்குள் குதித்தேன். எப்போதும் துண்டு தொங்குகிற இடத்தில் துண்டு இல்லை. அங்கே அந்தோணியார் படம். படத்துக்கு நேர் கீழே, டாங்கின் மூச்சுக்குழாய் வாயில் கனகச்சிதமாகச் செருகி, உருகி வழிந்த மெழுகு சுற்றிலும் உறைந்து, ஒரு தடி மெழுகுவர்த்தி அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

அணைத்துப் பிடுங்கினேன். தாகத்தில் கிடந்தவன் தண்ணீர் குடிப்பதுபோல டாங்க் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. நான் கை வைப்பதற்கு முன் பழைய மூடி வழியாகக் காற்றுப் போயிருக்கிறது. அந்த மூடியையும் மகராசன் நான்தானே இறுக்கிக் கொடுத்தேன்! "எத்தனை நாளா இது?" என்று கத்தினேன். சூசை மெழுகுவர்த்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே சொன்னான்:

"செவ்வா அந்தோணியாருக்குள்ள நாளுல்லா, வருசக்கணக்கா செவ்வாதோறும் ஏத்துறேண்ணே. இன்னிக்கு அவரு திருநாளு, நீங்களும் முன்பக்கம் போயிட்டீகன்னு ஏத்திட்டேன். மத்தபடி நீங்க வர்றப்ப எடுத்து ஒளிச்சுட்டு, படத்துக்குத் துண்டு போட்டுருவேன். நீங்க சி.எஸ்.ஐ.ல்லா, மனசு சங்கடப்படுவீகன்னுதான்!"

கரையில்

லைனில் காற்றை எடுத்துச் சாவியைத் திருப்பினேன், என்ஜின் பிடித்துக்கொண்டது. மேலே "அந்தோணியாரே!" என்று ஒரே சத்தம். அற்புதம் நடந்துவிட்டதாக வாத்தியார் உட்பட எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எண்ணெய்க் கையோடு மேலே ஏறி வந்து மூச்சுக்குழாய் விவரத்தைச் சொன்னேன். ஒருவர் காதிலும் விழவில்லை. சூசை மட்டும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டேன். இறங்கும்போது செயலாளர், யாரும் பார்க்காத மாதிரி படகுப் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"புண்ணியாளன் ஸ்டார்ட் ஆக்கிய படகை ஆக்ரிக்குக் கொடுக்க என் கை வராது. அவிடெ கிடக்கட்டெ."

மறுநாள் மூச்சுக்குழாய்க்கு வளைந்த மூக்கு வைத்தேன். அந்தோணியார் படத்துக்குக் கீழே, குழாயை விட்டுத் தள்ளி, மெழுகுவர்த்திக்கென்று ஒரு இரும்புத் தண்டும் என் கையாலேயே வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். ஆகவே சக மெக்கானிக்குகளே, என்ஜின் நின்றால் உடனே பில்டரைக் கழற்றிவிடாதீர்கள். முதலில் உங்கள் மேல் யாராவது மரியாதை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.