அவளுக்கு மட்டும் தெரியாத வாடை

தினேஸ்வரிக்கு எந்த வாசனையும் தெரியாமல் போய் ஆறேழு வருடம் இருக்கும். சிறு வயதிலிருந்தே ஒழுகிக்கொண்டிருந்த மூக்கு பிறகு வறண்டு, உள்ளே பச்சையாகப் பொருக்கு கட்டியது. சளிதானே என்று விட்டுவிட்டாள்.

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டத்தின் பழைய லயத்து வரிசை வீட்டில்தான் இன்னும் இருந்தாள். தோட்டம் கைமாறியபோது வீடு கட்டித் தருவதாகச் சொன்னவர்கள் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. ஒரே அறையில் ஐந்து பேர். மழை பெய்தால் சுவரெல்லாம் பூஞ்சணம். முட்டையைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, வெறும் சோற்றில் சோயா கிச்சாப் ஊற்றிச் சாப்பிடுவாள்.

குனோங் ராபாட்டில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. பக்கத்து லயத்துப் புனிதாவும் அங்கேதான். புனிதாவின் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் தினேஸ்வரி.

ஒருநாள் மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு, கிடங்கில் தனியாகப் பெட்டி மடிக்கச் சொன்னார். காரணம் கேட்டதும் ஒரு கடிதத்தைக் காட்டினார். குளிக்காமல் வருகிறாள், பக்கத்தில் நிற்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. எட்டுக் கையெழுத்து. முதல் கையெழுத்து புனிதாவுடையது.

தினமும் இரண்டு வேளை குளிப்பவள் அவள்.

சாப்பாட்டு நேரத்தில் புனிதாவைத் தேடிப் போனாள். "எம்மேல வாடை அடிக்குதா?"

புனிதா தலையைக் குனிந்துகொண்டாள். "மூணு வருஷமா இருக்குக்கா. எப்படிலா ஒங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது?"

"எங்கிட்ட சொல்லக் கூச்சம். மேலிடத்துக்கு எழுதிக் குடுக்கக் கூச்சமில்ல."

வீட்டில் புருஷன் சீனியிடமும் அதையே கேட்டாள். ஒரு வருடமாகப் புழுக்கம் என்று சொல்லி வெளியே படுப்பவன். அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

மறுவாரம் அரசாங்க மருத்துவமனைக்குப் போனாள். மூக்கினுள் விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா, "குளிக்காததால இல்லம்மா. உள்சவ்வு நைஞ்சு, கிருமி தங்கிருச்சு. இந்த வாடை நோயாளிக்கே தெரியாது. சத்தில்லாத சாப்பாடு, நெரிசல், இதெல்லாம் இருக்கிற எடத்துலதான் அதிகமா பாக்குறோம். தினமும் உப்புத்தண்ணியில கழுவணும். நல்லா சாப்பிடுங்க. ஈரமில்லாத வீடாப் பாருங்க" என்றார்.

"மருந்தோட வீட்டையும் எழுதிக் குடுப்பீங்களா டாக்டர்?"

அவர் மருந்துச் சீட்டை நீட்டினார்.

நான்கு மாதம் விடாமல் கழுவினாள். பொருக்கு குறைந்தது. மேற்பார்வையாளர் பழைய மேசைக்கே திரும்பி வரச் சொன்னார். அவள் போகவில்லை. கிடங்கே போதும் என்றுவிட்டாள்.

தினமும் காலையில் மகள் ஷர்மினியின் முகத்தருகே குனிந்து மூச்சு விடுவாள்.

"இல்லம்மா. வாடை கொஞ்சங்கூட இல்ல."

"நெசமாவா?"

"சத்தியமா."

மகளின் கண்ணையே பார்ப்பாள். மூன்று வருடம் இவளும்தானே வாய் திறக்கவில்லை. மறுபடியும் கேட்பாள்.