கடைசி அச்சு

என் மாமாவுக்குச் சங்கீதம் கேட்க வரும், செய்ய வராது. சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் வாத்தியார் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வலது கை சொல்வதை உன் இடது கை கேட்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அதில் மாமாவுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மிருதங்கம் போனால் போகிறதென்று துணியைப் பிடித்துக்கொண்டார்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வருடக்கணக்காகப் புடவை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று வேலையை விட்டுவிட்டு, மந்தைவெளியில் பின்னால் நாங்களும் குடிவந்த மாடிப் போர்ஷனின் முன்னறையில் சொந்தத் தொழில் தொடங்கினார். முதலாளி, தொழிலாளி, டெலிவரி எல்லாம் அவர் ஒருவர்தான். வெள்ளைத் துணி வாங்கி வருவார், சாயம் கலப்பார், தானே செதுக்கிய அச்சுக்கட்டைகளால் குத்துவார், காயவைப்பார், பிறகு மிஷினில் உட்கார்ந்து அதையே ஜிப்பாவாகவும் குர்தாவாகவும் தைப்பார். புடவையும் துப்பட்டாவும் தையல் வேலை இல்லாமல் தப்பித்துக்கொள்ளும். கதவில் ‘தாளக்கட்டு’ என்று பெயிண்டில் எழுதியிருந்தது. முதல்முறை வந்த கொரியர்காரர், இது டான்ஸ் கிளாஸா என்று கேட்டார்.

அப்படிக் கேட்டதில் தவறும் இல்லை. மாமாவின் துணியில் இருந்தவை வெறும் பூவும் கோடும் அல்ல. ‘த’வுக்கு ஒரு சின்னப் புள்ளி, ‘தி’க்கு ஒரு மாங்காய், ‘தொம்’முக்கு ஒரு பெரிய வட்டம். கோயில் புறப்பாட்டில் தவில்காரர் வாசித்து முடித்த ஒரு முத்தாய்ப்பு பிடித்துப்போய்விட்டால், அதை வாயில் போட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, மறப்பதற்குள் துணியில் இறக்கிவிடுவார். சொல்லிக்கொண்டே குத்துவார். மேசை அதிரும். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, மத்தியானத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொல்லிவிட்டுப் போனார். தன்னை ஒருவர் வாசிக்கிறவன் என்று ஒப்புக்கொண்டதில் மாமாவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் துணியானாலும் கரையின் முடிவில் வரும் கடைசி ‘தொம்’மைக் குத்தாமல் விட்டுவிடுவார். வாங்க வருகிறவர்தான் தன் கையால் அதைக் குத்த வேண்டும். கச்சேரியில் கடைசி அடி விழும்போது கேட்கிறவன் தலையும் சேர்ந்து ஆடுகிறது, ஆகவே அந்த அடி கேட்கிறவனுக்குச் சொந்தம் என்பது அவருடைய வாதம். வருகிறவர்கள் பயப்படுவார்கள். இவ்வளவு அழகான துணியைக் கெடுத்துவிடுவோமோ என்று கை உதறும், வட்டம் கோணிக்கொண்டு விழும். மாமா அதைப் பார்த்துத்தான் பூரித்துப்போவார். கை நடுங்கினால் மனசு அதில் இருக்கிறது என்று அர்த்தமாம். ‘தாளக்கட்டு’ துணியில் கோணாத கடைசி வட்டம் ஒன்றை வெகுநாள்வரை நான் பார்த்ததில்லை.

அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அம்மா அவருக்கு அக்கா. அப்பாவின் வீட்டில் சில மாதம் இருந்து பார்த்தாள். அங்கே யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை, ஆனால் சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது வரும் சத்தம் மாறிக்கொண்டே வந்ததாம். மாமா வீட்டில் இரண்டே அறை. உள்ளறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, மாமா முன்னறையில் அச்சு மேசைமேல் படுத்துக்கொள்வார். அச்சு நன்றாக விழ மேசைமேல் கம்பளிகளை அடுக்கி விரித்திருப்பார். ராஜாவுக்குக்கூட இப்படி மெத்தை கிடையாது என்று என்னிடம் பெருமையடிப்பார். நானும் நம்பினேன்.

அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தது நான் நாலாம் வகுப்பு படித்தபோது. பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்ட நீலத்தில் ஒரு புடவை வேண்டுமென்று கேட்டு வந்தார். புடவை தயாரானதும் மாமா வழக்கம்போல் வட்ட அச்சைத் துடைத்துக் கையில் கொடுத்தார். டீச்சர் அதைச் சாயத்தில் தொட்டார், துணிக்கு நேராகப் பிடித்தார், பிறகு கீழே வைத்துவிட்டார். இன்றைக்குக் கை சரியில்லை, அடுத்த சனிக்கிழமை வந்து வைக்கிறேன் என்றார்.

அடுத்த சனிக்கிழமை சாயம் கெட்டியாக இருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. அதற்கடுத்த வாரம் வெளிச்சம் போதவில்லை. ஆண்டு விழாவே வேறொரு புடவையில் நடந்து முடிந்துவிட்டது, அதன் பிறகும் வந்துகொண்டிருந்தார். மாமா சனிக்கிழமைதோறும் ஒரு சின்னக் கிண்ணத்தில் நீலச் சாயம் கலந்து வைப்பார், டீச்சர் போன பிறகு அதைக் கழுவிக் கவிழ்ப்பார். முன்னறையின் குறுக்கே கட்டிய கொடியில் அந்தப் புடவை தொங்கிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் வரும்போதெல்லாம் நான் அதற்குக் கீழே குனிந்து வர வேண்டியிருந்தது. ஒரே ஒரு வட்டம் வைக்கத் தெரியாதவர் எப்படிப் பாட்டு டீச்சராக இருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

மற்றபடி அவர் வரும் சாயங்காலங்கள் எனக்குப் பிடித்திருந்தன. கேசட்டில் ஏதாவது ஓடும். டீச்சர் மேசை ஓரத்தில் விரலால் தாளம் போடுவார். கோலமாவு விற்கிறவரின் குரல் எந்த ராகத்தில் சேரும் என்று இரண்டு பேரும் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். ஒருநாள் மாமா தன் கட்சியை நிரூபிக்கத் தானே பாடிக் காட்டிவிட்டார். சமையலறையில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நான் பொத்தாமலே சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. ஒரே ஓர் இடத்தைத் திருத்தி, அதைத் திரும்பப் பாடச் சொன்னார். மாமா பாடினார். கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில் அம்மாவும் சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். டீச்சர் வருகிற நாளில் வடை சுடுவாள். தம்பிக்கு இப்போதாவது தலை வாரத் தோன்றியதே என்று கேலி செய்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா சோற்றைப் பிசைந்தபடி உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு ரூம் இருந்தா நல்லாருக்கும், இல்லக்கா?” என்றார்.

அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். துணி காயப்போடத்தானே, எனக்குக் குனியும் வேலை மிச்சம் என்று நான் ஆதரவு தெரிவித்தேன். மாமா சிரித்தார். அம்மா தனக்கு ரசம் ஊற்றிக்கொள்ள மறந்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாரம் அவள் தன் ஆபீஸ் தோழி ஒருவரிடம், பெண்கள் விடுதியில் குழந்தையோடு தங்க விடுவார்களா என்று விசாரித்திருக்கிறாள். விட மாட்டார்கள் என்று தெரிந்திருக்கிறது. இதை அந்தத் தோழி என் கல்யாணத்துக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார், அம்மா சொல்லவில்லை.

மாமா எங்களைப் போகச் சொல்லியிருக்க மாட்டார். அதை இன்று நான் சத்தியம் செய்தே சொல்வேன். டீச்சரும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அப்பா வீட்டில் யாரும் எதுவும் சொல்லாமலேயே வெளியே வந்தவள் அம்மா. இரண்டாவது தடவையும் அந்தத் தட்டுச் சத்தத்தைக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாமா ஊரில் இல்லை, துணி வாங்க முதல்நாளே ஈரோடு போயிருந்தார். டீச்சர் வந்தால் உட்காரச் சொல்லுங்கள், சனிக்கிழமை ராத்திரிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அம்மாவுக்கு அன்று அரை நாள் ஆபீஸ். வந்ததும் சாப்பிடக்கூட இல்லை. கொடியிலிருந்து அந்தப் புடவையை எடுத்து மேசைமேல் விரித்தாள். கிண்ணத்தில் சாயம் கலந்தாள். அச்சுக்கட்டையை அவள் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

நேராகப் புடவையில் வைக்கவில்லை. பழைய தலையணை உறை ஒன்றைக் கிழித்து அதில் வைத்துப் பார்த்தாள். முதல் வட்டம் கோணியது. இரண்டாவது அப்பிக்கொண்டது. அவள் விடவில்லை, உறை முழுக்க நீல வட்டமாக ஆனது. கடைசியில் மாமா வைப்பதுபோலவே, எங்கும் பிசிறில்லாமல் ஒன்று விழுந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதே கையோடு புடவையின் கரையில் வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தபோது எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. அச்சுத் தொழிலே தெரியாத அம்மா, இத்தனை பேர் கோணலாக வைத்த அச்சை, முதல் ஆளாக நேராக வைத்துவிட்டாள்.

சாயத்தை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்து, புடவையை மடித்துப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அடையாறு பஸ் ஏறினாள். ஜன்னல் சீட் கிடைத்ததில் நான் வேறெதையும் கவனிக்கவில்லை.

டீச்சர் வீடு ஒரு மாடியில் இருந்தது. நாங்கள் போனபோது அவர் எங்கள் வீட்டுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். தலை வாரிப் பூ வைத்திருந்தார், தோளில் கைப்பை, ஒரு காலில் செருப்பு. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, உள்ளே வரச் சொன்னார். அம்மா பார்சலை நீட்டினாள். டீச்சர் பேப்பரைப் பிரித்தார். புடவையைப் பார்க்கவே இல்லை, விரல்கள் நேராகக் கரையின் முனைக்குப் போயின.

அந்த வட்டத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இத அவரே வெச்சாரா?”

“ஆமாங்க. அவனேதான் வெச்சான். ரொம்ப நாளா அப்படியே கெடக்குது, முடிச்சிட்டேன், குடுத்துட்டு வந்துடு அக்கான்னான்” என்றாள் அம்மா.

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டீச்சர் பெருவிரலால் அந்த வட்டத்தை ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். அது அவ்வளவு நேராக இருந்தது. தொழில் தெரிந்த கைதான் வைத்தது என்று யாருமே சொல்வார்கள். கால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. அம்மா வேலை இருக்கிறது என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பஸ்ஸில் என் கையைப் பிடித்தவள் மந்தைவெளி வரும்வரை விடவில்லை, வலித்தது.

ராத்திரி துணி மூட்டையோடு வந்து கதவைத் திறந்த மாமா, கொடிக்கு முன்னால் பழக்கத்தில் குனிந்தார். பிறகுதான் கொடி வெறுமையாக இருப்பதைப் பார்த்தார்.

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள். “டீச்சர் வந்தாங்க. வெச்சாங்க. எடுத்துக்கினு போய்ட்டாங்க.”

மாமா மூட்டையை இறக்கவில்லை.

“கை நடுங்கலயாக்கா?”

“இல்ல. நேராத்தான் வெச்சாங்க.”

அவர் தலையை ஆட்டினார். கேட்டிருக்கலாமே, அடையாறு என்ன அமெரிக்காவா, பஸ் ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று இத்தனை வருடம் கழித்து எனக்கு ஆற்றாமையாக வருகிறது. ஆனால் ஒரே ஒரு வட்டத்தை வைக்காமல் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள் அவர்கள் இருவரும். வாய்விட்டுக் கேட்கத் தெரிந்திருந்தால் புடவைக்கே அவசியம் இருந்திருக்காது. டீச்சர் அந்த வருடப் படிப்பு முடிந்ததும் வேலையை விட்டுக் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. மாமா அதற்கப்புறம் கடைசி வட்டத்தையும் தானே வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். பழைய வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள், சிலர் வருவதை நிறுத்தினார்கள். ஆனாலும் தொழில் நடந்தது, என்னைக் காலேஜ்வரை படிக்கவைத்தது. கடைசிவரை மாமா அந்த மேசைமேல்தான் படுத்தார். போன வருடம் போய்ச் சேர்ந்தார்.

அம்மா என்னோடு கொட்டிவாக்கத்தில் இருக்கிறாள். நான் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். உனக்காகத்தான் என்பாள். அது உண்மையும்கூட, அதனால்தான் கேட்க முடியவில்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம், அவ்வளவு கஷ்டப்பட்டுப் பழகி, அவ்வளவு நேராக ஒரு வட்டத்தை வைத்தது என் அம்மா என்பது. அதற்கு அவள் அடையாறில் மாமாவின் பெயரைச் சொன்னாள், வீட்டில் டீச்சரின் பெயரைச் சொன்னாள். தனக்கென்று ஒரு வார்த்தைப் பாராட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இப்படிக்கூட ஒரு மனுஷி இருப்பாளா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவளானால் அம்மா மாதிரிதான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, எங்கள் அறையில் போய் என் பாயை விரித்தேன்.