மஞ்சள் பூத்த குழாய்

எண்பதுகளின் தொடக்கத்தில் உத்தமபாளையத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். குளுக்கோஸ் ஏற்ற அங்கே ரப்பர் குழாய்தான். ஒருவருக்குப் போட்டதைக் கழுவி, ஆவியில் அவித்து, அடுத்தவருக்கு மாட்டுவோம். கிருமி செத்துவிடும். ஆனால் ரப்பருக்குள் தங்கிய கசடு சில பேருக்குக் குளிர் நடுக்கத்தைக் கொண்டுவரும். கட்டிலே ஆடும்.

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு ஒருமுறை அப்படி வந்தது. மறு வருஷம் சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கு முற்றி, கண் குழிந்துபோன நிலையில் புருஷன் அவளை மறுபடி தூக்கி வந்தார். பாட்டிலைப் பார்த்ததுமே கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

நல்லவேளையாக அப்போதுதான் பிளாஸ்டிக் குழாய்கள் வந்திருந்தன, ஒரு தடவை போட்டுவிட்டு எறிகிற வகை. உறையைக் காட்டி, இது யாருக்கும் போடாதது என்றேன். புருஷன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன நர்சம்மா, மஞ்சப் பூத்துக் கெடக்கு? பழசத் தலையில கட்டிட்டாகளா?"

உறையில் போட்டு ஒட்டிய பிறகு காமா கதிரை அதன் ஊடே பாய்ச்சுகிறார்கள், சூடு இல்லாமலே கிருமி செத்துவிடும், அதில் நிறம் லேசாக மாறும், கதிர் உள்ளே தங்காது என்று தெரிந்த மட்டும் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

"குளிரு வராதுல்ல?"

"வராதுன்னுதான் நெனைக்கிறேன். வந்தா ஒடனே நிறுத்திருவேன். பக்கத்துலயே இருக்கேன் ஆத்தா."

கையை நீட்டினாள். கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுக்கம் வரவில்லை. பாதி பாட்டில் இறங்கியபோது தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை வாந்திக்கு ஊசி போட, அதே கம்பெனியின் பிளாஸ்டிக் சிரிஞ்சில் மருந்தை இழுத்தேன். விரல் வைக்கும் விளிம்பு முறுக்கு மாதிரி நொறுங்கி என் கையோடு வந்தது. புருஷன் பதறி எழுந்து, அந்தக் குழாயும் இப்படி உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம். இன்னும் அவள் கையில் ஏறிக்கொண்டிருந்த குழாயை விரலில் வளைத்துப் பார்த்தேன். மெத்தென்று வளைந்தது. அவளுக்குக் கொதிக்கவைத்த கண்ணாடி சிரிஞ்சில்தான் ஊசி போட்டேன்.

டாக்டர் மதுரைக்கு டிரங்க் கால் போட்டு கம்பெனிக்காரரிடம் கேட்டார். குழாயும் சிரிஞ்சும் வேறு வேறு பிளாஸ்டிக்காம். கதிர் பட்டால் குழாய்க்கு நிறம்தான் மாறும். சிரிஞ்சு அப்படியில்லை, கதிர் பட்டு மாதங்கள் ஆன பிறகும் உள்ளுக்குள் இற்றுக்கொண்டே போகும். காமாவில் மணிக்கணக்காக வைக்க வேண்டியிருப்பதால் காற்றும் சேர்ந்து அரிக்கிறது. வெளிநாட்டில் எலக்ட்ரான் கதிரைச் சில நொடிகளில் பாய்ச்சிவிடுகிறார்கள், அதில் சேதம் குறைவு என்றாராம். குழாய்கள் இருக்கட்டும், சிரிஞ்சுகளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார்.

அவள் தெளிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, தனக்குப் போட்ட குழாயைக் கேட்டாள்.

"அவிச்சு வச்சுக்கிறேன் நர்சம்மா. இனிமே வந்தா எனக்கு இதையே போடுங்க."

அவித்தால் அது கொழகொழத்துப் போகும், ஒரு முறைக்கு மேல் ஆகாது என்றேன். அவளுக்கு மனசே இல்லை. இங்கன எப்பவும் புதுசு இருக்கும் என்று சொன்ன பிறகுதான் புருஷனோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.