பேத்தியின் இடுப்பிலிருந்து நான் கழற்றிய பை

சபையாரே, என் பேத்தி ஜெமிமாவைச் சாவின் வாசல்வரை கொண்டுபோனவன் நான்தான். இந்தச் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவளுக்கு ஏழு வயது. ஆட்டிசம். பேச்சு இல்லை. சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பயிற்சியாளர், வேண்டியதைப் பட அட்டை எடுத்துக் கொடுத்துத் தெரிவிக்க அவளைப் பழக்கியிருந்தார். தண்ணீர், பசி, வலி. சிவப்புக் கை வரைந்த அட்டை என்றால் 'வேண்டாம்'. அட்டைகள் இருந்த சிறு பை எப்போதும் அவள் இடுப்பில் தொங்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. அட்டை இருக்கும்வரை வாய் ஏன் திறக்கப் போகிறது? வெள்ளிதோறும் உபவாசமிருந்து, "ஆண்டவரே, வாயைத் திறந்தருளும்" என்று ஜெபித்தேன்.

அணு ஆராய்ச்சி நிலையத்தின் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் ஒட்டாத குப்பியை ஆய்வகத்துக்குள் விட்டதில்லை.

போன ஜூலையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டெம்செல் ஊசி போடுவதாகக் கேள்விப்பட்டேன். புதிய சிகிச்சை, முதுகுத்தண்டில் போட்டால் பேச்சு வரும் என்றார்கள். நிரூபிக்கப்படாதது, கூடாது என்று என் மகள் ஷீபா மறுத்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை, மாமல்லபுரம் கடற்கரைக்கு என்று பொய் சொல்லி ஜெமிமாவை அங்கே அழைத்துப் போனேன். பையைக் கழற்றிக் கார் டிக்கியில் வைத்தேன். படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். ஊசி இறங்கும்போது அவள் கை இடுப்பைத் தடவித் தடவித் தேடியது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன்.

பை கடலில் போய்விட்டது என்று வீட்டில் சொன்னேன். இரண்டு நாள் அவள் தலையைச் சுவரில் முட்டினாள். எங்கே வலி என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் கடும் காய்ச்சல், கழுத்து விறைத்துவிட்டது.

செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில், சமீபத்தில் ஏதாவது ஊசி போட்டீர்களா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றாள் ஷீபா. நான் பக்கத்தில்தான் நின்றேன். பழக்கத்தில் அதே ஜெபம் மனதில் எழுந்தது: வாயைத் திறந்தருளும். அதற்குமேல் ஓடவில்லை. ஊசி போட்டதை மருத்துவரிடம் சொல்லிவிட்டேன்.

"இன்னா மருந்துன்னு கேக்காமயா தாத்தா போட்டுகினு வந்தே?" என்றார் செவிலியர்.

ஷீபா கத்தவில்லை. "பை கடல்ல போச்சுன்னியே, அதுவாச்சும் நெஜமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். காருக்கு ஓடிப்போய்ப் பையை எடுத்து வந்தேன்.

முதுகுத்தண்டு நீரைச் சோதித்து, ஊசி வழியே கிருமி ஏறிய மூளைக்காய்ச்சல் என்று கண்டு மருந்தை மாற்றினார்கள். ஆறாம் நாள் காலை ஜெமிமா கண் விழித்தாள். பையைத் துழாவி, சிவப்புக் கை அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

ஆண்டவர் அவளைத் திருப்பித் தந்தார். அவருக்கே ஸ்தோத்திரம். அந்தக் காய்ச்சலால் அவளுக்கு இடது காது இனிக் கேட்காது. அது என் கையெழுத்தின் பலன்.

இரண்டாவது ஊசிக்கு வரச்சொல்லி அந்தத் தனியார் மருத்துவமனையிலிருந்து இன்னும் குறுஞ்செய்தி வருகிறது. நம் சபையிலேயே இருவர் என்னிடம் அதன் முகவரி கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இன்று எழுந்து நிற்கிறேன். நம்பி ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் ஜெபிக்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்திவிடாதீர்கள். அது எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்.