மதகுக் குழி விரால்

அந்த விராலைத் தின்றது நான்தான் என்று அத்தாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. மாமாவும்தான் தின்றார். ஆனால் அவர் எதையும் தின்று ஏப்பம் விட்டுவிட்டு மறந்துவிடக்கூடியவர். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அத்தா என்றால் போனில் தெரியும் முகம்தான். என் அத்தா ரியாத்தில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது வந்த லீவில், ஏரி மதகுக்கு அடியில் கோடையிலும் வற்றாமல் கிடக்கும் குழியில், அவர் தூண்டிலில் ஒரு பெரிய விரால் மாட்டியது. கரைவரை இழுத்துவிட்டார். குனிந்து கையை நீட்டிய நேரத்தில் ஒரு துள்ளு துள்ளியது. தூண்டில் நரம்பு அறுந்து, மீன் வாயில் மாட்டிய முள்ளோடு போய்விட்டது. பக்கத்தில் நின்ற மாமா, அதாவது அம்மாவின் தம்பி, விழுந்து விழுந்து சிரித்தார்.

“சவுதியில ஏசி ஒங்களுக்கு அடங்கும் மச்சான். நம்மூரு மீனு அடங்காது.”

அந்த லீவு முழுக்க ஊரில் இதே பேச்சு. எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும், சோற்றில் கை வைத்ததும் யாராவது ஒருவர் விராலை இழுப்பார். அத்தாவும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும், அறுந்த நரம்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சவுதிக்குக் கிளம்பும்போது மீனை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். “அது என் மீனு. நான் வர்ற வரைக்கும் நீதான் பாத்துக்கணும்.”

விரால் மூச்சு விட மேலே வந்துதான் ஆக வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மதகில் நின்று, அது வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போவதைப் பார்ப்பேன். சாயங்காலம் அத்தா போனில் வந்ததும் முதல் கேள்வி, மேலே வந்ததா என்பதுதான். அடுத்தது தூண்டில் பேச்சு. அங்கே கடையில் நின்றபடி ஒவ்வொன்றாகக் காட்டுவார். இந்த நரம்பு போதுமா, இன்னும் தடிமனாக வாங்கவா என்று என்னைக் கேட்பார். நான் ஏழு கடல் பார்த்தவள் மாதிரி, “தடிமனாவே வாங்குங்கத்தா” என்பேன். அம்மா தன் முறை எப்போது வரும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

லீவில் வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொடுத்தனுப்பினார். மடக்குகிற ராடு, ரீல், பச்சை நரம்பு, வயிற்றில் இரட்டை முள் வைத்த ஒரு ரப்பர் தவளை. தான் வரும்வரை கவரைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு. அம்மா பீரோ மேல் வைத்தார்.

காலாண்டு லீவில் ஒருநாள் அம்மா வெளியே போயிருந்தபோது மாமா வந்தார். ரீல் சுற்றுகிறதா என்று சும்மா பார்ப்போம் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்டூல் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

மதகுக்குப் போய் வீசினோம். மூன்றாவது வீச்சில் குழித் தண்ணீர் வெடித்தது. நான் சொல்லி வாங்கிய நரம்பு அறுந்துபோகவில்லை. கரையில் கிடந்த மீனின் வாயோரத்தில் கிழிந்து ஆறிய தழும்பு இருந்தது. மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“இது மச்சானோட மீனுல்ல? விட்டுருவமாடி?”

அவர் நிஜமாகத்தான் கேட்டார். மீனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். தலையை ஆட்டியிருந்தால் விட்டிருப்பார்.

“வேணாம் மாமா. மறுபடி கெடைக்காது.”

என் புத்தி அப்படிப் போயிற்று. ஊரே பேசிச் சிரித்த மீனை நாங்கள் பிடித்துவிட்டோம் என்ற தலைக்கனம் ஏறியிருந்தது. அதை யாரிடமும் காட்ட முடியாது என்பது, மாமா மீனைத் துண்டில் சுற்றியபோதுதான் உறைத்தது. தூண்டிலைத் துடைத்துக் கவரில் போட்டு, பழையபடி பீரோ மேல் வைத்துவிட்டு, மீனைப் பெரம்பலூர் மார்க்கெட்டில் வாங்கியதாகச் சொல்லி மாமியிடம் கொடுத்தோம். எனக்கு நடுத்துண்டு கிடைத்தது. அந்தக் குழம்பு ருசியாக இருந்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் அத்தா கேட்டார், மேலே வந்ததா என்று. வந்தது என்றேன். மறுநாளும் வந்தது என்றேன். சில நாட்களில் இரண்டு தடவை வந்ததாகவும், முன்னைவிடப் பெருத்திருப்பதாகவும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மலரும். அடுத்த மாதமே மாமாவுக்குக் கத்தார் விசா வந்து, அவரும் போனில் தெரியும் முகமாகிவிட்டார். பொய்யைக் காப்பாற்ற நான் ஒருத்திதான் ஊரில் மிச்சம்.

அடுத்த லீவில் அத்தா வந்தார். வந்த மறுநாளே விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து என்னை எழுப்பினார். லீவு முழுக்க அதே கதைதான். முதலில் ரப்பர் தவளை. பிறகு உயிர்த் தவளை. பிறகு கெண்டைக் குஞ்சு, மண்புழு. முள்ளைச் சின்னதாக்கிப் பார்த்தார். நரம்பு தடிமனாக இருப்பதால் மீன் கண்டுகொள்கிறது என்று மெல்லிசுக்கு மாறினார். கடைசியில் ராடையே போட்டுவிட்டுப் பழைய மூங்கில் கழியை எடுத்தார். ஒவ்வொன்றையும் மாற்றும்போது தன் பேரில்தான் குற்றம் கண்டுபிடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து புழு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஏதோ சின்ன விரால் மேலே வந்து போயிற்று. அத்தா என் தோளைப் பிடித்து, “பாத்தியா, அதான?” என்றார். நான், “ஆமாத்தா” என்றேன்.

நாற்பத்தைந்தாம் நாள் காலையிலும் எழுப்பினார். அன்று தூண்டில் எதையும் எடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, ஏரியில் வைத்துக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். வழியில் சூடாக வடை வாங்கிக் கொடுத்தார். மதகுக் கட்டையில் உட்கார்ந்தோம். மீனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் பெயரைக் கேட்டார். எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டார். இடிச் சத்தத்துக்கு இன்னும் பயப்படுகிறாயா என்று கேட்டார். நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, அடுத்தது அந்தக் கேள்விதான் என்று காத்திருந்தேன். அது வரவில்லை.

“இன்னும் கொஞ்ச நேரம் இருப்பமா?” என்றார்.

“வேணாந்தா, வூட்டுக்குப் போவோம்.”

உடனே எழுந்துவிட்டார்.

சாயங்காலம் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் வந்தது. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதார். நான் அழவில்லை. பிள்ளைக்கு என்ன தைரியம் என்று மாமி மெச்சினார். அது தைரியமில்லை, நிம்மதி. அந்த லீவு சீக்கிரம் முடிய வேண்டும் என்று தினமும் துஆ கேட்டவள் நான். தூண்டில் இல்லாமல் அத்தா எதற்கு ஏரிக்கு வந்தார் என்பது மட்டும் புரியவில்லை. அதையும் அன்றே மறந்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.