இல்லாத ஃபோல்டருக்குள் போன கல்யாணம்

மவுசைக் கையால் தொடமாட்டாள் என்பதாலேயே ஸ்டூடியோவில் அவளுக்கு மவுசக்கா என்று பெயர். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை வரி அடிப்பாள். ஆயிரம் படங்கள் பெயர் மாறி, தேதிவாரியாக வரிசையில் வந்து நிற்கும். முதலாளி ஃபைலுக்கு வைக்கிற பெயர்களோ 'கடைசி', 'புதுக் கடைசி', 'இதுதான் கடைசி' என்று போகும். அதில் எது நிஜக் கடைசி என்று கண்டுபிடித்து, மற்றதைத் துடைத்துப்போடுவது அவள் பிழைப்பு.

கேமராக்காரர் அவள் புருஷன். அவர் எடுப்பார், இவள் அள்ளுவாள். கேமரா கார்டில் உள்ளதை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு "எடுத்தாச்சு" என்று இவள் சொல்லும்வரை அவர் அந்தக் கார்டை அழிக்கக்கூடாது. சண்டை போட்டுப் பேசாத நாளில்கூட அந்த ஒரு வார்த்தை மட்டும் வீட்டில் நடமாடும்.

அந்த வாரம் நாத்தனாருக்குக் கல்யாணம். வீட்டுக்கு மூத்த மருமகள் என்ற பட்டத்துக்கு உண்டான வேலை அத்தனையும் மவுசக்கா தலையில். பாய் விரிக்கவும் அவள், பாய் சுருட்டவும் அவள். போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருக்கிற சொந்தங்களுக்குக் காப்பி ஆற்றவும் அவளே. கல்யாணம் முடிந்த மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனபோது கால் இரண்டும் யாருடையதோ போலிருந்தது. நாத்தனார் அடுத்த நாள் காலையில் புருஷனோடு வெளியூர் போகிறாள். அதற்குள் படங்கள் அவள் கைக்கு வந்தாக வேண்டும்.

புருஷன் எடுத்த கல்யாணப் படங்களைக் கார்டிலிருந்து இறக்கினாள். இன்னொரு பிரதி எடுக்கக் கால்மணி ஆகும். புருஷன் வேறொரு வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பி வாசலில் நின்றார்.

"கார்டு வேணும்மா. எடுத்தாச்சா இல்லையா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. போங்க."

இரண்டாவது பிரதி எடுக்காமலே கார்டை உருவிக் கொடுத்துவிட்டு, வழக்கமான வரியை அடித்தாள். ஒவ்வொரு படமாக எடு, சாய்ந்திருந்தால் நிமிர்த்து, 'கல்யாணம்' என்ற ஃபோல்டருக்குள் தள்ளு. பாதிக் கண்ணை மூடியபடி பட்டனைத் தட்டினாள். சத்தமில்லாமல் முடிந்தது. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால், அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்றது திரை.

ஃபோல்டரை அவள் உண்டாக்கவே இல்லை. இல்லாத அறைக்குள் போகச் சொன்னால் கறுப்புத் திரை ஏன் என்று கேட்காது. முதல் படத்துக்கே 'கல்யாணம்' என்று பெயர் மாற்றிவிட்டது. இரண்டாவது படம் அதே பெயரில் வந்து முதல் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. இப்படியே ஒன்றை ஒன்று விழுங்கி, கடைசியில் மிஞ்சியது ஒரே படம். ஆளெல்லாம் போனபின் எடுத்த காலி நாற்காலிகள்.

போன் அடித்தாள். அவர் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து அந்த வீட்டுக்கே போய், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"கார்டை எடுங்க."

"நடு விசேஷத்துலயா? அழிச்சுட்டு இதுல எடுத்துட்டிருக்கேன். நீதானே எடுத்தாச்சுன்னு சொன்னே?"

"சொன்னேன். இப்ப இல்லேங்கறேன். குடுங்க."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் கார்டை உருவிக் கொடுத்தார். வேறு கார்டைப் போட்டுக்கொண்டார்.

அழித்த கார்டைச் சுரண்டிப் பார்க்கிற வரியும் அவளுக்குத் தெரியும். ஸ்டூடியோவில் உட்கார்ந்து சுரண்டினாள். படங்கள் பெயரில்லாமல், வரிசையில்லாமல், ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மேடை வந்தது, மோதிரம் வந்தது, சித்தப்பாவின் கொட்டாவிகூட வந்தது. ஆரம்பத்தில் எடுத்தவை மட்டும் வரவில்லை. அவற்றின் மேல் அந்த வேறு வீட்டு விசேஷம் ஏறிவிட்டது. அந்த ஆரம்பப் படங்களில்தான் நாத்தனாருக்கு அவள் அம்மா, மவுசக்காவின் அத்தை, தலைவாரிவிட்டார். அதன்பின் அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஆக, மிஞ்சிய கல்யாணப் படம் எதிலும் பெண்ணோடு அம்மா இல்லை.

சொல்லாமல் விட்டாலும் விட்டிருக்கலாம். கேமரா கோளாறு என்றால் பழி புருஷன் பக்கம் போகும். பொய்யைக் கோத்துச் சொல்லக்கூட அவளுக்கு உடம்பில் தெம்பில்லை. இரவு வீட்டுக்குப் போய், பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் அப்படியே போட்டு உடைத்தாள்.

"அம்மா ஒண்ணுலயும் இல்லையா?"

"இல்ல. என் தப்புதான்."

"ஊர்ப்பட்ட படத்தையெல்லாம் பத்திரமா வெப்பீங்க. என்னோடது மட்டும் போயிடும், இல்ல அண்ணி?"

நாத்தனார் பெட்டியில் மடித்து வைத்த கல்யாண உடுப்பை வெடுக்கென்று உருவினாள்.

"அண்ணன் வந்துட்டாரா? கேமராவை எடுக்கச் சொல்லுங்க. அம்மாவ எழுப்புங்க."

அத்தை எழுந்திருக்கிற ஆளா? "இடுப்பு விட்டுப்போச்சுடி. தலை வாரணும்னா நீ இங்க வந்து கீழ உக்காரு. நான் அசையமாட்டேன்" என்று நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டார்.

நாத்தனார் தரையில் உட்கார்ந்தாள். அத்தை முணுமுணுத்துக்கொண்டே சீப்பைப் பிடித்தார். விளக்கைத் தூக்கிப் பிடித்த மவுசக்கா நின்ற இடத்திலேயே கண்ணயர, வெளிச்சம் மெல்லச் சரிந்து அத்தையின் காலில் விழுந்தது.

"அண்ணி, லைட்டு!"

நிமிர்த்தினாள். அதற்குள் அத்தை, சீப்பு மகள் தலையில் செருகியிருக்க, வாய் பிளந்து தூங்கிப்போயிருந்தார்.

"இன்னொண்ணு எடுக்கவா?" என்றார் புருஷன்.

நாத்தனார் தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் உயர்த்தி அம்மாவைப் பார்த்தாள்.

"வேணாம்ண்ணா, எழுப்பாதே. இப்படியே எடு."